பின்னால் நிற்பவர்கள்

அக்காவுக்கு வேலை தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

சிவகாசியில் நாங்கள் வேலை பார்த்தது காலண்டரும் டைரியும் அடிக்கிற ஒரு கம்பெனி. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். ஆடி பிறந்துவிட்டால் சீசன். இந்த வருஷம் எங்களிடம் என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று ஊர் ஊராக இருக்கிற ஏஜெண்டுகளுக்குக் காட்ட, மாதிரிப் படங்களை சி.டி.யில் போட்டு அனுப்ப வேண்டும். ஃபோட்டோகிராஃபர் எடுத்துத் தரும் படங்கள் பெரிது பெரிதாக இருக்கும். அவற்றைச் சின்னதாக்கி, வேறு கம்பெனிக்காரர்கள் எடுத்து அச்சடித்துவிடாதபடி குறுக்கே எங்கள் கம்பெனி பெயரை மங்கலாகப் போட வேண்டும். வாட்டர்மார்க். ஒரு படத்துக்குச் செய்து காட்டிவிட்டால் போதும், மிச்சத்தை ஃபோட்டோஷாப்பே வரிசையாகச் செய்து முடித்துவிடும். பேட்ச் போட்டுவிட்டுக் கீழே போய் டீ குடித்து வந்தால் ஃபோல்டர் முழுக்கத் தயாராக இருக்கும்.

என் பக்கத்து சீட்டில் வேலை பார்த்த அக்கா அப்படிப் போட மாட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் திறப்பார். திறந்து, முழு அளவுக்குப் பெரிதாக்குவார். தேர்த் திருவிழாப் படம் என்றால் தேர் எங்கோ மேலே போய்விடும். திரை முழுக்க ஜனம்தான் இருக்கும். இடது ஓரத்தில் ஆரம்பித்து, வயலில் நாற்று நடுகிற மாதிரி, நகர்த்தி நகர்த்தி வலது ஓரம் வரைக்கும் போவார். பிறகு ஒரு வரிசை கீழே இறங்கி மறுபடி இடப்பக்கம். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். மேனேஜர் வந்து நின்றால் மட்டும் பேட்ச் ஓடும்.

"என்னக்கா பாக்கீக?" என்று கேட்டேன்.

"பின்னாடி நிக்கிறவுகளப் பாக்கேன் புள்ள. சின்னதாக்கிட்டா அவுக முகமெல்லாம் கரஞ்சு போயிருதுல்ல."

"அவுகள யாருக்கா பாக்கப் போறா?"

அவர் அடுத்த படத்தைத் திறந்தார்.

நான் ஆமத்தூரில் ஏறுவேன். அவர் விருதுநகரிலிருந்து வருவார். பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். பஸ்ஸில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய கணவர் லோடு வேன் ஓட்டியவர். மச்சான் என்றுதான் அவரைச் சொல்வார். சிவகாசியிலிருந்து அட்டைப்பெட்டி ஏற்றிப்போய்ப் பட்டாசு ஆலைகளில் இறக்குவது அவர் வேலை. ஒருநாள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஆலை வெடித்தது. வாசலில் நின்ற வேன் எலும்புக்கூடாகிவிட்டது. வேனுக்குப் பக்கத்தில் கருகிய உடம்பு ஒன்று கிடந்தது. அட்டைப்பெட்டி கொண்டுவந்த டிரைவர் என்று எழுதிக்கொண்டார்கள். கணவரின் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கிவந்தார்.

அக்கா பார்த்துவிட்டு, "இது அவுக இல்ல" என்றார்.

அதிர்ச்சியில் சொல்கிறாள் என்றார்கள். அடக்கம் செய்துவிட்டார்கள். கணவன் மவுத்தானால், அதாவது இறந்தால், மனைவி நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு ஒதுங்கி இருக்க வேண்டும், இத்தா என்பார்கள். அக்கா இருக்க மறுத்துவிட்டார். "உசுரோட இருக்கவுகளுக்கு நான் எதுக்கு இத்தா இருக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியோடு புகுந்த வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அறை வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் படித்தார். இங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

"வேனை வேற யார்ட்டயாச்சும் குடுத்துட்டு எங்கனயாவது போயிருப்பாக. வெடிச்சதும் கேஸ் வரும்னு பயந்து ஒளிஞ்சிருக்காக. பயந்த சுபாவம் புள்ள அவுகளுக்கு. போலீஸ்காரரப் பாத்தா ரோட்ட மாறி நடப்பாக."

"அந்த உடம்பு அவுக இல்லன்னு எப்படிக்கா சொல்றீக?"

"இல்லேன்னா இல்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் என்றைக்கும் சொன்னதில்லை.

எங்கள் ஃபோட்டோகிராஃபர் ஊர் ஊராகப் போகிறவர். சந்தை, கடற்கரை, ஜல்லிக்கட்டு, தர்கா கந்தூரி, மாட்டுத்தாவணி என்று எங்கே கூட்டமோ அங்கே இருப்பார். அவர் சி.டி.யோடு மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டாலே அக்கா எழுந்து நின்றுவிடுவார். அந்த மனிதருக்குப் பெருமையாக இருக்கும், தன் படங்களை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற ஒரு ஆள் இருக்கிறாரே என்று.

கம்ப்யூட்டர் இல்லாத இடத்திலும் அக்கா அப்படித்தான். செய்தித்தாளில் கூட்டமாக ஒரு படம் வந்தால் போதும், அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துவந்து வைத்துப் பார்ப்பார். வெறும் புள்ளிதான் தெரியும். பங்குனிப் பொங்கலுக்கு ஒரு தரம் விருதுநகருக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். அக்கினிச்சட்டி எடுத்து வருகிறவர்களை எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அக்கா மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள், எட்டு வயது இருக்கும், கையை இழுத்து, "அம்மா, திரும்பும்மா" என்றது. அந்தப் பிள்ளைக்கு இது பழகியிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு தரம் நிஜமாகவே கண்டுபிடித்துவிட்டார்.

தூத்துக்குடி மீன் ஏலத்தைக் காட்டுகிற படம். முன்னால் வெள்ளி வெள்ளியாக மீன்கள். பின்னால் ஐஸ் பெட்டி தூக்குகிற ஆட்கள். அதில் ஒருவர் பக்கவாட்டில் நின்றார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"காதப் பாரு. அந்தக் காது மடங்கியிருக்குல்ல. மச்சான் காது."

என்னிடம் இருந்தது அவர் மச்சானின் ஸ்டாம்பு அளவுப் படம் ஒன்றைப் பார்த்த ஞாபகம் மட்டும். டிரைவிங் லைசென்ஸுக்கு எடுத்தது. வேறு படமே கிடையாது. கல்யாணத்தில் எடுத்த படங்கள் புகுந்த வீட்டோடு நின்றுவிட்டன. அந்தச் சின்னப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்க அக்கா எத்தனையோ முறை முயன்றிருக்கிறார். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். "பெருச சின்னதாக்க எம்புட்டு வழி வச்சிருக்கான், சின்னதப் பெருசாக்க ஒண்ணும் வைக்கல பாரு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி போனோம். பிரிண்ட் போட்ட படத்தைக் காட்டியதும் அங்கிருந்த அம்மா ஒருத்தர் சிரித்துவிட்டார். "இது நம்ம தம்பில்லா" என்று சத்தம் கொடுத்துக் கூப்பிட்டார். ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவராம். என்ன விஷயம் என்று தெரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எதிரில் பார்த்தால் எந்தச் சாயலும் இல்லை.

அக்கா ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். அந்த மனிதர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. ஆள் மாறிப்போச்சு."

"யாரத் தேடுதிய?"

"எங்க வீட்டு ஆளத்தான்."

அவர் ஒன்றும் கேட்காமல் ஓடிப்போய்த் தாளில் சுற்றிக் கொஞ்சம் மீன் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார். கோவில்பட்டி தாண்டியதும், "காது ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த வருஷச் சீசனில்தான் அது நடந்தது. மாதிரி சி.டி. எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் இருக்கும். மேனேஜர் மேசையில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆர்டர் கேட்டு வரும் போன்கள்தான், ஆனால் எல்லோரும் கடைசியில் ஒன்று கேட்டார்கள்: "அதென்ன, படத்து மூலையில ஒரு ஆள் முகம் தெரியுது?"

மேனேஜர் சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். கம்பெனி பெயர் இருந்தது. பெயருக்கு மேலே, வானம் வருகிற இடத்தில், மேகத்தோடு மேகமாக ஸ்டாம்பு அளவில் ஒரு முகம். கீழே பொடி எழுத்தில், இவரைப் பார்த்தால் தகவல் சொல்லவும் என்று இருந்தது. எங்கள் டிசைன் பிரிவின் நம்பர். அருவிப் படம், மலைப் படம், சந்தைப் படம், பூப் படம், குழந்தைப் படம், எல்லாவற்றிலும். ஒரு படத்துக்குச் செய்து காட்டியிருக்கிறார். மிச்சத்தை மெஷின் செய்துவிட்டது. அவர் முழு மனதோடு பேட்ச் போட்டது அந்த ஒரு தரம்தான்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. "ஏந்தாயி, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க? இதுல அம்மன் படம் இருக்கு, பெருமாள் படம் இருக்கு. அதுல போயி ஒரு மனுஷன் முகத்த... அதுவும் உங்காளு முகத்த... ஊருக்குள்ள பிரச்சன ஆனா முதலாளி என்னய உசுரோட விடுவாரா?"

"சாமி படம் ஒண்ணுலயும் போடல சார். பள்ளிவாசல் படம், மாதா படத்துலயும் போடல. அதயெல்லாம் தனி ஃபோல்டர்ல பிரிச்சு வச்சுட்டுத்தான் போட்டேன். அம்புட்டு அறிவு எனக்கு இருக்கு சார்."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உண்மைதான். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"செத்துப்போன ஆளுக்காகத்தானே தாயி இம்புட்டும்?"

"சாகல சார்."

அன்றைக்கே அக்காவை அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். படிக்கட்டில் நின்று, "போன் வந்தா எடு புள்ள. எடுக்காம விட்டுராத" என்றார். மேனேஜர் எடுக்காதே என்று சொல்லியிருந்தார். நான் எடுத்தேன். அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று ரெண்டு மூன்று பேர் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் அறுபது வயது என்பார்கள், தாடி என்பார்கள். புது சி.டி. போனதும் போன் நின்றுவிட்டது.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மளிகைக் கடைக்காரர் பேசினார். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பொங்கலுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற காலண்டருக்காக ஏஜெண்ட் பழைய சி.டி.யிலிருந்து பிரிண்ட் போட்டுக் கொடுத்துப்போன மாதிரித் தாளைக் கல்லாவில் வைத்திருந்திருக்கிறார். சீனி வாங்க வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாராம். "எழுத்து தெரியாதும்மா அவங்களுக்கு. ஆனா இந்த ஆளத் தெரியும்ங்காக."

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா விருதுநகர் வந்து இறங்கினார். நானும் அக்காவும் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டிவந்தோம். ஒல்லியான உடம்பு, காதில் ஒன்றுமில்லை. வீட்டில் பாயில் உட்காரவைத்து அக்காவின் மகள் தண்ணீர் கொடுத்தது. அவர் குடிக்கவில்லை. மடியிலிருந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்தார். அக்காவும் அதே நேரத்தில் லைசென்ஸ் படத்தை எடுத்தார்.

"இவருதான். எங்க தாயி இருக்காரு இவரு? எம்மவன எங்கன விட்டாராம்?"

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அந்த அம்மாவே சொன்னார். அவருக்கு ஒரே மகன். கல்யாணம் ஆகவில்லை. ரோட்டில் நிற்பான்; லோடு இறக்க ஆள் தேவைப்பட்டால் வேன்காரர்கள் ஏற்றிப்போவார்கள். அன்றைக்கு இந்த ஆள் அவர்கள் வாசலில் வேனை நிறுத்தித் தண்ணீர் கேட்டிருக்கிறார். "செம்போட குடுத்தேன். அண்ணாந்து குடிச்சாரு. லோடு எறக்கிட்டு மத்தியானம் கொண்டாந்து விட்டுருதேன்னாரு. எம்மவன் அவரு பக்கத்துல ஏறி உக்காந்தான். அம்புட்டுத்தான்."

"வண்டிய ஓட்டுனது இவுகதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"ஓட்டுனது இவருதான். நான் கண்ணால பாத்தேன்."

"வெடிச்சது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தாயி. அங்கன ஓடுனேன். செத்தது டிரைவர் ஒருத்தர்தான், ஒடம்பு போயிருச்சுன்னாக. எம்மவன் டிரைவர் இல்லையே. எந்த டிரைவர்னும் எனக்குத் தெரியல. நூறு வேன் ஓடுற ரோடு. வேல முடிஞ்சு திருப்பூருக்கு, கோயமுத்தூருக்குன்னு போயிருப்பான்னு எல்லாரும் சொன்னாக. நானும் எங்கெல்லாமோ போயிப் பாத்துட்டேன்."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஒடம்புல அரணாக்கொடி இருந்துச்சு புள்ள. வெள்ளி. கருகி இடுப்போட ஒட்டிக் கெடந்துச்சு. எங்க மச்சான் போடுற வழக்கமே இல்ல. கொழுந்தன்ட்ட காட்டுனேன். கம்பி ஒட்டியிருக்கு, சும்மா இருன்னுட்டாரு. மாமிட்டச் சொன்னேன், கிறுக்கின்னாக. பெறகு நான் யார்ட்டயும் சொல்லல. அது மச்சான் இல்லங்கறதுதான் எனக்குப் பெருசா இருந்துச்சு. அது வேற யாரு பெத்த புள்ளையோன்னு ஒருநாளுகூட நெனைக்கல புள்ள. ஒருநாளு."

"இப்ப என்னக்கா செய்யப் போறீக?"

"சொல்லாட்டி அந்தம்மா அலையும். என்னய மாதிரி."

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். மகளை வெளியே போய் விளையாடச் சொன்னார்.

"உங்க மகன் இடுப்புல அரணாக்கொடி போட்டிருப்பாராம்மா?"

"ஆமா. வெள்ளில. நான்தான் செஞ்சு போட்டேன்." சட்டென்று நிமிர்ந்தார். "நீ எப்படித் தாயி பாத்த?"

அக்கா சொன்னார். அந்த அம்மா கையை ஓங்கி அக்காவின் கன்னத்தில் அடித்தார். "பொய் சொல்லாத. உன் புருஷன் செத்ததுக்கு எம்மவன ஏன் சாகடிக்க?" மறுபடி அடித்தார். அக்கா முகத்தைத் திருப்பவில்லை. மூன்றாவது தடவை ஓங்கிய கை அக்காவின் தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது.

மத்தியானம் அந்த அம்மாவை மையவாடிக்கு, அந்த உடம்பை அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப்போனோம். உள்ளே பெண்கள் போகக் கூடாது என்று அந்த ஊரில் வழக்கம். வாசலில் மோதினார் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலையும் அடக்கம் செய்கிற இடத்தையும் பார்த்துக்கொள்கிற வயதானவர். அக்கா அவரிடம் ஏதோ சொன்னார். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டு, "நான் தண்ணி பிடிக்கப் போறேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மண் அமுங்கித் தரையோடு தரையாக இருந்தது. மேலே ஏதோ செடி முளைத்திருந்தது. அந்த அம்மா ஒப்பாரி வைப்பார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து அந்த இடத்தைத் தடவினார். "இம்புட்டு நாளும் வேற பேரச் சொல்லியே கூப்பிட்டிருக்காகளே ஒன்ன" என்றார். பிறகு அவன் பேரைச் சொல்லி, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமாக ஒரு தடவை கூப்பிட்டார்.

எடுத்துக்கொண்டு போகிறீர்களா, ஜமாத்தில் பேசிப் பார்க்கட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். "இங்கனயே கெடக்கட்டும். ஆளுகளுக்கு மத்தியில இருக்கான்ல."

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போது கையை வெளியே நீட்டி அக்காவின் தலையில் வைத்தார்.

"நீ அழாத தாயி. கெடச்ச ஒடம்பு எம்மவன்தான்னா, உன் வீட்டுக்காரர் தப்பிச்சுட்டாருன்னுதான அர்த்தம்? வந்துருவாரு. நீ தேடு."

மூன்று வருஷமாக இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அக்கா காத்திருந்தார். இன்று ஒருத்தர் சொன்னார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று சொல்லவில்லை. பஸ் நகர்ந்ததும் கம்பி கையை விட்டுப் போனது.

"புள்ள" என்றார். "வண்டிக்கு வெளிய நின்ன பையனோட ஒடம்பு அம்புட்டுத்தான் மிஞ்சுச்சு. லோடு எறங்குற வரைக்கும் மச்சான் சீட்ட விட்டு எறங்க மாட்டாக. அப்ப வண்டிக்குள்ள இருந்தவுக?"

அவர் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் பிடிக்க ஓடியவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் காலையில் அவர் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். எல்லோரும் வீட்டில் இருந்திருக்கிறார்கள். நடு வீட்டில் நின்று, "மச்சான் மவுத்தாயிட்டாக" என்று சொல்லியிருக்கிறார்.

யாரும் அழவில்லையாம். அவர்கள் அழுது முடித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாமியார் பாயை விரித்து, "உக்காரு, டீ குடிக்கியா?" என்று கேட்டாராம்.